வெந்த விரல்கள் வகுத்த இசை

பெர்ஸி ஃபெயித் என்னும் பெயரை நம் சங்கத்து அன்பர்களுள் பலர் கேள்வியுற்றிரார். ஆயினும், ஒரு பெரிய ஹோட்டலின் முன்கூடத்தில் அமர்ந்திருக்கையில், எங்கிருந்தோ வயலின்கள் திரண்டு குழைந்து வரும் மெல்லிசை அவர்தம் செவியில் பட்டிருக்கும். அது அவருடைய கைவண்ணமாகவோ, அவர் வழியைப் பின்பற்றியவருடையதாகவோ இருத்தல் கூடும்.

1908 ஏப்ரல் 7-ஆம் நாள் கனடா நாட்டு டொரான்டோ நகரில் அவர் பிறந்தார். எட்டுக் குழந்தைகளுள் மூத்தவர். சிறு வயதிலேயே ஊமைப்படக் கொட்டகைகளில் பியானோ வாசித்துக் காசு ஈட்டினார். பதினைந்தாம் வயதில் அந்நகரின் புகழ்பெற்ற மாஸி மண்டபத்தில் மேடையேறினார். கச்சேரி வாழ்வு அவரை எதிர்நோக்கி நின்றது.

பதினெட்டாம் வயதில் விதி குறுக்கிட்டது. குழந்தையாகிய தங்கையின் ஆடையில் தீப்பற்றிக்கொண்டது. அண்ணன் ஓடிச்சென்று வெறுங்கைகளாலேயே அத்தீயை அடித்து அணைத்தான். தங்கை பிழைத்தாள், கைகள் கடுமையாக வெந்து போயின. மாதக்கணக்கில் பியானோவைத் தொட இயலவில்லை. விரலையே முதலாகக் கொண்ட ஒரு கலைஞனுக்கு இதனினும் பெரிய இழப்பு யாது? ஆனால் காது வேகவில்லை. தானே வாசிப்பதை விடுத்து, பிறர் வாசிக்க எழுதிக் கொடுக்கும் தொழிலை இளைஞர் மேற்கொண்டார்.

அத்தொழிலை ஆங்கிலத்தில் அரேஞ்சர் வேலை என்பர். நம் கச்சேரியில் பாடகர் செல்லும் வழியே வயலின் வித்துவான் தம் கற்பனையால் தொடர்வார்; தாளில் எழுதிவைப்பதில்லை. மேனாட்டு வாத்திய கோஷ்டியிலோ, மெட்டு ஒருவருடையது. அதனை எந்த வாத்தியம் ஏற்பது, எந்த இடத்தில் கொம்பு விடை கூறுவது, எங்கே அனைவரும் அடங்குவது என்பனவற்றையெல்லாம் ஒருவர் முன்னரே எழுதியாக வேண்டும். எழுதிய பின் கோஷ்டியின் முன் நின்று நடத்தவும் வேண்டும். அவ்வாறு நடத்துபவரைக் கண்டக்டர் என்பர். (டிக்கட் கிழிப்பவர் அல்லர்!) பம்பாய்ப் படவுலகில் ஷங்கர்-ஜெய்கிஷன் இரட்டையருக்கு இப்பணி புரிந்த செபாஸ்டியன் டிஸூஸாவின் பெயரை எத்தனை ரசிகர் அறிவர்? பெரும்பாலும் மறைவில் நிற்கும் தொழில் இது.

1930-களில் கனடா வானொலி ஃபெயித்தை வளர்த்தது. 1940-இல் அமெரிக்க வானொலி நிகழ்ச்சி ஒன்றை நடத்தி வந்த ஜோசப் பாஸ்டர்னக் காலமாகவே, அவ்விடத்திற்கு அழைக்கப்பட்டுச் சிகாகோவிற்குக் குடிபெயர்ந்தார். 1945-இல் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றார். 1950-இல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு டோனி பென்னெட் பாடிப் புகழடைந்த 'பிகாஸ் ஆஃப் யூ' பாட்டிற்குப் பின்னால் ஒலிப்பது இவருடைய கோஷ்டியே. 1953-இல் 'மூலன் ரூஷ்' படப்பாட்டு இவர் பெயரிலேயே வெளிவந்து, 10 வாரம் அமெரிக்காவில் முதலிடம் வகித்தது. அதில் ஃபெலீஷியா ஸாண்டர்ஸ் என்னும் பாடகி இடையில் வந்து பாடிச் செல்கிறார், முதன்மை வயலின்களுக்கே.

1960-இல் வந்தது 'எ ஸம்மர் பிளேஸ்'. மெட்டு மாக்ஸ் ஸ்டைனர் என்பவர் ஒரு திரைப்படத்திற்காக அமைத்தது. அதனை உலகறியச் செய்தது ஃபெயித்தின் தட்டு. 9 வாரம் முதலிடம். அவ்வாண்டின் சிறந்த இசைத்தட்டு என்று கிராமி பரிசும் கிட்டியது.

இவையெல்லாம் உணவருந்தும்போது கேட்கும் பின்னணி ஓசையே என இகழ்வோர் உண்டு. பிற்காலத்தில் பிறருடைய வெற்றிப் பாட்டுக்களை எடுத்து அவர் நிரப்பிய தட்டுகளுட் பலவற்றிற்கு அவ்விகழ்ச்சி பொருந்தும் என்பதே எம் கருத்து. 1976 பிப்ரவரி 9-ஆம் நாள் அவர் மறைந்தார். இறுதிக் காலத்தில் அந்தப் பழைய மெட்டையே டிஸ்கோ தாளத்தில் மீண்டும் பதிவு செய்திருந்தார். அதனை நாம் பொருட்படுத்த வேண்டுவதில்லை. 1960-ஆம் ஆண்டுத் தட்டையே தேடிக் கேளுங்கள். அடியில் மும்மூன்றாய்த் துடிக்கும் தாளத்தையும், அதன்மீது அவசரமின்றி மிதந்து வரும் வயலின்களையும் தனித்தனியே செவிமடுங்கள்.