கையெழுத்துக்குப் பின் நுழைந்த ‘ஒரு லட்சத்து’

பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடும் ஒருவர் 20,000 ரூபாய் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். புரோநோட்டில் ‘ரூபாய்’ என்பதற்கும் ‘இருபதாயிரம்’ என்பதற்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. அதைக் கவனிக்காமல் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். வட்டி தவறியதும், கடன் கொடுத்தவர் அந்த இடத்தில் ‘ஒரு லட்சத்து’ என்று எழுதி, எண்ணிலும் முன்னால் ஒரு 1 போட்டுவிடுகிறார்.

வழக்கு தருமபுரி கோர்ட்டுக்கு வந்தால், சேர்த்ததைத் தள்ளிவிட்டு 20,000 மட்டும் கட்டச் சொல்வார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1881-ம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம், 87-வது பிரிவுப்படி, சம்மதம் கேட்காமல் முக்கியமான இடத்தில் திருத்திய நோட்டு, சம்மதிக்காதவர்மீது செல்லாது. நிஜமாகக் கொடுத்த 20,000-ஐக்கூட அந்த நோட்டைக் காட்டிக் கேட்க முடியாது. கடுமைதான், ஆனால் எனக்கு நியாயமாகவே படுகிறது. பிடிபட்டாலும் பழைய தொகை கைக்கு வந்துவிடும் என்றால், திருத்திப் பார்க்க யாருக்குப் பயம் இருக்கும்? போலி ஆவணம் தயாரித்த குற்றத்துக்குத் தனியாகச் சிறையும் உண்டு.

தொகை, வட்டி, தேதி என யாருடைய கடமையையாவது கூட்டுவதோ குறைப்பதோதான் முக்கியமான திருத்தம். பெயரில் ஒற்றுப்பிழையைச் சரிசெய்தால் நோட்டு சாகாது. அடித்தல் கண்ணுக்குத் தெரிந்தால், அது எப்படி வந்தது என்று பத்திரத்தைக் கொண்டுவந்தவர்தான் விளக்க வேண்டும்.

புரோநோட்டுக்கு மட்டுமல்ல, கிரயப் பத்திரத்துக்கும் கவனம் தேவை: அதில் அடித்தல் திருத்தல் இருந்தால், எழுதிக்கொடுப்பவர் அந்த இடத்திலேயே கையெழுத்திட வேண்டும். பதிவான பிறகு தெரியவரும் தவறுக்குப் பிழைத்திருத்தல் பத்திரம்தான் வழி.

நான் பயப்படுவது வெற்றுத்தாளுக்கு. தொகை எழுதாமல் கையெழுத்திட்டுக் கொடுத்த நோட்டைப் பிறகு நிரப்புவது ‘திருத்தம்’ ஆகாது. நிரப்பிக்கொள்ள நீங்களே அனுமதி கொடுத்ததாக மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-வது பிரிவு எடுத்துக்கொள்கிறது. மனமறிந்து கொடுத்த வெற்றுச் செக்குக்கும் பொறுப்பு உண்டு என்று 2019-ல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடன் அவ்வளவு இல்லை என்று நிரூபிக்கும் பாரம் அப்புறம் உங்கள் தலையில்.

அதனால் கையெழுத்துக்கு முன் தொகையை எண்ணிலும் எழுத்திலும் நெருக்கி எழுதச் சொல்லுங்கள். மிச்ச இடத்தில் கோடு இழுங்கள். நோட்டைக் கையை விட்டுக் கொடுக்கும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.