பெயரற்ற படைப்பாளிகளும் பெயர் தேடிய வாசகர்களும்: அமெரிக்கப் படக்கதை ரசிகர் இதழ்களின் தொடக்கக் காலம்

திறவுச்சொற்கள்: ரசிகர் இதழ், சூப்பர் ஹீரோ படக்கதை, படியெடுப்பு, படைப்புரிமை, பில் ஃபிங்கர்

ரசிகர் இதழ் என்பது வாசகர்கள் ஊதியம் கருதாது தாமே எழுதி, வரைந்து, படியெடுத்துத் தம்முள் பகிர்ந்துகொள்ளும் இதழாகும். இதனைக் குறிக்கும் ‘ஃபேன்சீன்’ என்னும் சொல் 1940இல் தோன்றியது. இதழ்கள் அதற்கும் முந்தியவை. தமிழ் ஆய்வாளர்க்கு இங்குக் கையெழுத்து இதழ் நினைவுக்கு வரலாம். எனினும் கையெழுத்து இதழ் பெரும்பாலும் ஒரே படியாகக் கைமாறிச் செல்வது. ரசிகர் இதழோ எளிய பொறிகளால் பெருக்கப்பட்டு அஞ்சல்வழி முன்பின் அறியாதோரையும் சென்றடைந்தது. இவ்வேறுபாடு சிறிதன்று.

இவ்விதழ்களைச் சிறுவர் விளையாட்டு என்றோ, பிற்காலத் தொழில்முறைக் கலைஞர்களின் பயிற்சிக்களம் என்றோ மதிப்பிட்டு அமைந்துவிடுதல் எளிது. அவை படைப்புரிமை வரலாற்றுக்கான முதன்மைச் சான்றுகளும் ஆகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இம்மரபின் வேர் அறிவியல் புனைகதை வாசகர்களிடம் உள்ளது. ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 1926இல் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழ் வாசகர் கடிதங்களை முகவரியுடன் வெளியிட்டமையால், கடிதம் எழுதியோர் ஒருவரையொருவர் தேடிக்கொண்டனர். கிளீவ்லாந்து நகரப் பள்ளி மாணவர் ஜெர்ரி சீகல் 1932இல் ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ என்னும் சைக்ளோஸ்டைல் இதழைத் தொடங்கினார். 1933 ஜனவரி இதழில் புனைபெயரில் அவர் எழுதிய கதைக்கு நண்பர் ஜோ ஷூஸ்டர் படம் வரைந்தார். அக்கதையின் ‘சூப்பர்மேன்’ மனஆற்றல் பெற்ற கொடியவன். 1938இல் அச்சேறிய நாயகன் அல்லன். சூப்பர் ஹீரோவின் பெயரே வீட்டில் உருவான இதழொன்றில்தான் முதலில் பயின்றுள்ளது.

படக்கதைகளுக்கென்றே அமைந்த ரசிகர் இயக்கம் 1960களின் தொடக்கத்தில் உருப்பெற்றது. ரிச்சர்டு லூபாஃப், பாட் லூபாஃப் இணையர் 1960இல் தொடங்கிய ‘ஸீரோ’ அறிவியல் புனைகதை ரசிகர் இதழாயினும், 1940களின் படக்கதைகளைப் பற்றிய கட்டுரைத் தொடரை வெளியிட்டது. 1961இல் டெட்ராய்ட்டின் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழக ஆசிரியர் ஜெர்ரி பேல்ஸ், மிசௌரி இளைஞர் ராய் தாமஸின் துணையுடன் ‘ஆல்டர் ஈகோ’வை வெளியிட்டார். எழுத்தாளர் கார்ட்னர் ஃபாக்ஸுக்கு எழுதிய மடல்களின் வழியே அறிமுகமானவர்கள் இவ்விருவரும். டிசி நிறுவனப் பதிப்பாசிரியர் ஜூலியஸ் ஸ்வார்ட்ஸ் கடிதப் பகுதியில் முழு முகவரிகளை வெளியிடத் தொடங்கியதும் இவ்வட்டம் விரிந்தது. ஸ்வார்ட்ஸும் 1932இல் ரசிகர் இதழ் நடத்தியவரே.

‘ஆல்டர் ஈகோ’வின் முதல் இதழ் ஸ்பிரிட் படியெடுப்புப் பொறியில் உருவானது. மூலத்தாளில் எழுதும்போதும் வரையும்போதும் அதன் பின்புறம் படியும் ஊதா மை, ஆல்கஹால் கலந்த நீர்மத்தால் ஈரமாக்கப்பட்ட தாளுக்கு மாறும். ஒவ்வொரு படியிலும் மை குறைந்துகொண்டே வரும். ஒரு மூலத்தாள் சில நூறு படிகளுக்கு மேல் தாங்காது. பிறர் அனுப்பிய ஓவியத்தை இதழாசிரியரே மூலத்தாளில் கையால் மீள வரைய வேண்டியும் இருந்தது. எனவே அத்தகைய பக்கங்களில் காணப்படும் கோடு எவருடையது என்பதை ஆய்வாளர் எச்சரிக்கையுடனேயே முடிவு செய்தல் வேண்டும். அம்மை ஒளிபட்டால் வெளுக்கும் இயல்பினது என்பதும் கருதத்தக்கது.

வாசகர்கள் தமக்கென நாயகர்களையும் படைத்தனர். முதல் ‘ஆல்டர் ஈகோ’விலேயே டிசியின் நாயகர் குழுவைக் கேலி செய்யும் படக்கதையைத் தாமஸ் வரைந்தார். டெக்சஸ் இளைஞர் மூவர் 1963இல் தொடங்கிய ‘ஸ்டார் ஸ்டடட் காமிக்ஸ்’ இதழ் ‘டாக்டர் வியர்டு’ உள்ளிட்ட சொந்த நாயகர்களைக் கொண்டிருந்தது. அந்நாயகனைக் கொண்டு 1967இல் உரைநடைக் கதை எழுதியவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். போலச்செய்தலே இவற்றின் பொதுப்பண்பு என்பதை மறுக்கவியலாது. 1954இல் படக்கதைகளைக் கடுமையாகச் சாடிய உளமருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம், 1973இல் ரசிகர் இதழ்களைப் பாராட்டித் தனிநூலே எழுதினார் என்பது வியப்புக்குரியது.

எனினும் இவ்விதழ்களின் நிலைத்த பங்களிப்பு வேறிடத்தில் உள்ளது. 1940களின் படக்கதைகள் பலவற்றில் எழுதியவர் பெயர் இல்லை. ‘பேட்மேன்’ கதைகளில் ஓவியர் பாப் கேனின் பெயர் மட்டுமே இடம்பெற்று வந்தது. 1965 கோடையில் நியூயார்க்கில் நடந்த ரசிகர் மாநாட்டில் எழுத்தாளர் பில் ஃபிங்கர் கலந்துகொண்டார். அவரிடம் கேட்டறிந்தவற்றைப் பேல்ஸ், உறுப்பினர்களுக்குள் மட்டும் சுற்றிய ‘காபா ஆல்ஃபா’வில் கட்டுரையாக்கினார். 1939இல் வெளிவந்த முதல் கதையை எழுதியவர் ஃபிங்கர்; காதுகளுடன் கூடிய முகமூடி, மேலங்கி, புரூஸ் வெய்ன் என்னும் பெயர் ஆகியவற்றிலும் அவர் பங்கு உண்டு. இதனை அறிந்த கேன், தாமே தனிப்படைப்பாளி என வாதிட்டு 1965 செப்டம்பரில் ரசிகர்களுக்கு நீண்ட மடல் எழுதினார். அம்மடல் பில்ஜோ வைட் நடத்திய ‘பேட்மேனியா’வில் 1967இல் வெளிவந்தது. பல்லாண்டு கழித்துக் கூறப்பட்ட நினைவுகளாதலின் இரு தரப்புக் கூற்றுகளும் ஒப்பிட்டு ஆராயத்தக்கன. ஆயினும் வழக்கின் இரு தரப்பும் முதன்முதல் பதிவானது பதிப்பகத்தின் ஆவணங்களில் அன்று. வாசகர் தொகுத்த தாள்களில்.

ஃபிங்கர் 1974இல் காலமானார். அவருக்கு உரிய இடம் தந்திருக்க வேண்டும் என்பதைக் கேன் 1989இல் வெளியான தம் தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார். டிசி நிறுவனம் ஃபிங்கரின் பெயரைக் கேனின் பெயரோடு இணைக்க 2015இல் இசைந்தது. பேல்ஸின் கட்டுரை வெளியாகி அப்போது ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.