பரீட்சைக் காலமும் முகப்பருவும்

மார்ச் மாதம் நெருங்கும்போது நாடெங்கும் லட்சக்கணக்கான மாணவ மாணவியர் பள்ளி இறுதிப் பரீட்சைக்காக இரவு பகலாகப் படிக்கின்றனர். அது முடிந்ததும் மருத்துவம், பொறியியல் ஆகிய படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வுகள் காத்திருக்கின்றன. அத்தேர்வுகளுக்குப் பயிற்சி பெறுவதற்காகவே பல மாநிலங்களிலிருந்தும் ராஜஸ்தானத்துக் கோட்டா நகருக்குச் சென்று விடுதிகளில் தங்கியிருப்போர் ஏராளம். கண்விழிப்பும் கவலையும் மிகுந்த இக்காலத்தில் பலருக்கு மற்றொரு தொல்லையும் வந்து சேருகிறது. அதுவரை ஒன்றிரண்டாக இருந்த பருக்கள் நெற்றியிலும் கன்னத்திலும் சிவந்து, சீழ் வைத்து, கூட்டமாகக் கிளம்புகின்றன. வயதுக்கு வந்தவர்களுக்கு இது சகஜம், தானே போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுகின்றனர். பொறுமையிழந்த மாணவர் மருந்துக் கடைக்குச் சென்று, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் களிம்பை வாங்கிப் பூசிக்கொள்கிறார். பெருங்கேடு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

மனக்கவலைக்கும் பருவுக்கும் தொடர்பு உண்டு என்பது மக்களிடையே நெடுநாளாக உள்ள நம்பிக்கை. ஆயினும் அதை அளந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்று இத்துறையில் குறிப்பிடத்தக்கது. 22 மாணவர்களின் முகத்தைப் பரீட்சைக் காலத்தில் ஒருமுறையும், பரீட்சை இல்லாத காலத்தில் ஒருமுறையும் பரிசோதித்து, பருக்களின் கடுமையை அவர்கள் மதிப்பிட்டனர். எவருக்கு மனநெருக்கடி மிகுதியாக உயர்ந்ததோ அவருக்கே பருவும் மிகுதியாக முற்றியிருந்தது. தூக்கம், உணவு ஆகியவற்றில் ஏற்பட்ட மாறுதல்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னரும் இத்தொடர்பு நிலைத்து நின்றது. இருபத்திரண்டு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். அதைக்கொண்டு மட்டும் முடிவு கட்டுவது பொருந்தாது.

இதைவிடச் சுவையான செய்தி 2007இல் சிங்கப்பூரிலிருந்து கிடைத்தது. அங்கு 94 பள்ளி மாணவர்களிடையே விடுமுறைக் காலத்திலும் பரீட்சைக்கு முன்பும் பருக்களின் நிலையை ஒப்பிட்டதோடு, தோலில் சுரக்கும் எண்ணெயின் அளவையும் கருவியால் அளந்தனர். மன நெருக்கடி கூடக்கூடச் சிவந்த பருக்களும் சீழ்ப்பருக்களும் கடுமையாயின. ஆனால் எண்ணெய்ச் சுரப்பில் குறிப்பிடத்தக்க மாறுதல் எதுவும் காணப்படவில்லை. கவலையினால் முகத்தில் எண்ணெய் பொங்குகிறது, ஆதலால் அடிக்கடி சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவவேண்டும் என்னும் எண்ணத்தை இம்முடிவு ஆட்டம் காணச் செய்கிறது. பெருகுவது எண்ணெய் அன்று, அழற்சியே என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இதைப் புரிந்துகொள்ளப் பரு உண்டாகும் விதத்தைச் சிறிது அறிய வேண்டும். முகம், மார்பு, முதுகு ஆகிய பகுதிகளில் மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாக உள்ளன. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்களின் தூண்டுதலால் இவை பெருத்து, மிகுந்த எண்ணெயைச் சுரக்கின்றன. அதே சமயத்தில் மயிர்க்காலின் உட்புறத்திலிருந்து உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத இந்த நுண்ணிய அடைப்பே பருவின் தொடக்கம். வாய் மூடியிருப்பின் அது வெண்புள்ளியாகும், திறந்திருப்பின் கரும்புள்ளியாகும். கரும்புள்ளியின் கருமை அழுக்கினால் வந்ததன்று. தோலின் நிறமிப் பொருளே அங்குக் கறுத்துத் தோன்றுகிறது. அடைப்பின் உள்ளே கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்னும் பாக்டீரியா பெருகுகிறது. இது எல்லோர் தோலிலும் வாழ்வதுதான். உடலின் பாதுகாப்பு அணுக்கள் அங்குத் திரண்டு எதிர்க்கும்போது சிவப்பும் வீக்கமும் சீழும் தோன்றுகின்றன.

நெருக்கடி நேர்ந்தவுடன் மூளையின் ஹைப்போதலமஸ் பகுதியிலிருந்து ஒரு ஹார்மோன் புறப்பட்டு, பிட்யூட்டரி, அட்ரினல் சுரப்பிகளை எழுப்பிவிடுவது உடலியல் மாணவர் அனைவரும் அறிந்ததே. மூளையில் தோன்றும் அதே ஹார்மோனை எண்ணெய்ச் சுரப்பியின் செல்களும் தாமே உண்டாக்குகின்றன என்றும், அதை ஏற்கும் ஏற்பிகளும் அவற்றில் உள்ளன என்றும் 2002இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. இச்செல்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து ஹார்மோனைச் சேர்த்தபோது அவை மிகுதியான கொழுப்பை உண்டாக்கின. கலத்தில் நிகழ்வது முகத்திலும் அப்படியே நிகழும் என்று சொல்ல இயலாது என்பதற்குச் சிங்கப்பூர் அளவீடுகளே சான்று. இதனுடன் நரம்புகளின் பங்கும் உண்டு. பரு உள்ளோரின் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுற்றி, 'பி' பொருள் எனப்படும் நரம்புப் புரதத்தைத் தாங்கிய நரம்பிழைகள் மிகுந்திருப்பதைக் கண்டுள்ளனர். அழற்சியைத் தூண்டும் தன்மை இப்பொருளுக்கு உண்டு. மனம் தோலைச் சென்றடையும் வழி ஒன்றல்ல, பல என்பது தெளிவு.

பெரும்பாலோர் கவனியாமல் விடும் வழி வேறொன்றும் உண்டு. அது கை. கவலையுற்றவர் தம்மை அறியாமலே முகத்தைத் தடவுகிறார், பருவைக் கிள்ளுகிறார், நகத்தால் பிதுக்குகிறார். மோவாயைக் கையில் ஊன்றிக்கொண்டு மணிக்கணக்கில் படிப்பவருக்கு அந்த உராய்வும் அழுத்தமுமே அவ்விடத்தில் பருவைக் கிளப்பிவிடக்கூடும். பிதுக்கும்போது சீழ் வெளியே வருவதைப் போலவே உள்நோக்கியும் உடைந்து பரவுகிறது. இந்தியரின் மாநிறத் தோலில் இதன் விளைவு தனித்தன்மை வாய்ந்தது. பரு ஆறிய இடத்தில் கரிய தழும்பு படிந்து, பரு இருந்ததைக் காட்டிலும் நெடுநாள், சில வேளைகளில் பல மாதங்கள் வரை நிற்கிறது. ஆழமான பருவோ நிரந்தரக் குழியையே விட்டுச் செல்லக்கூடும்.

சிகிச்சையைப் பற்றி எண்ணுமுன் காலக் கணக்கு ஒன்றை மனத்தில் கொள்ளவேண்டும். கண்ணுக்குத் தெரியாத அடைப்பு, தெரியும் பருவாக வளர்வதற்குப் பல வாரங்கள் பிடிக்கின்றன. மார்ச் மாதத்தில் வெடித்துத் தோன்றும் பரு ஜனவரியிலேயே வித்திடப்பட்டிருக்கலாம். பரீட்சைக் கவலை ஏற்கெனவே இருந்த நெருப்பை விசிறிவிடுகிறதே அன்றி, வெறும் தோலில் புதிதாகத் தீ மூட்டுவதில்லை. மருந்துகளும் இவ்வாறே மெதுவாக வேலை செய்கின்றன. ஆறு முதல் எட்டு வாரங்கள் சென்ற பின்னரே குணம் தெரியத் தொடங்கும், முழுப் பயனை அறியச் சுமார் மூன்று மாதங்கள் ஆகும். ஆகவே பரீட்சைதோறும் பரு முற்றும் இயல்புள்ள மாணவர் டிசம்பரிலேயே சிகிச்சையைத் தொடங்குவது நலம். தேர்வுக்கு முந்திய வாரத்தில் புதிய மருந்து எதையும் தொடங்குவது நன்றன்று. முதற் சில வாரங்களில் தோல் காய்ந்து எரிச்சல் காணும்.

சாதாரணப் பருவுக்குப் பயன்படும் மருந்துகள் சிலவே. பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவை அழிக்கிறது. 2.5 சதவிகிதக் களிம்பு அதனினும் வீரியமுள்ளவற்றுக்கு ஏறக்குறைய ஈடாகப் பலன் தருவதோடு, எரிச்சலும் குறைவு. தலையணை உறை, துண்டு, வண்ணச் சட்டை ஆகியவற்றில் பட்டால் சாயத்தை வெளுத்துவிடும் என்பதை விடுதி மாணவர் முன்னதாகவே அறிந்திருத்தல் நல்லது. அடாப்பலின் என்பது வைட்டமின் ஏ-யின் இனத்தைச் சேர்ந்தது. 0.1 சதவிகிதக் களிம்பாக இரவில் மெல்லியதாகப் பூசப்படும் இது, அடைப்பு உண்டாவதையே தடுக்கிறது. பருவின்மேல் மட்டும் புள்ளி வைப்பதில் பயனில்லை, பரு வரும் பகுதி முழுவதும் பூசவேண்டும். கர்ப்பிணிகள் இதைப் பயன்படுத்தலாகாது. கிளிண்டமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தனியாகப் பல மாதங்கள் பூசுவதால் அம்மருந்துக்கு அஞ்சாத பாக்டீரியாக்கள் தோன்றுகின்றன. ஆதலின் டாக்டர்கள் அதைப் பென்சாயில் பெராக்சைடுடன் சேர்த்தே கொடுக்கின்றனர். முகத்தை நாளைக்கு இருமுறை மென்மையான சோப்பினால் கழுவினால் போதும். எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் செல்வோருக்குத் தோல் வெந்து கறுத்துப்போவதுண்டு. பற்பசையும் எரிச்சலையே தரும்.

கடையில் கேட்டு வாங்கும் களிம்பின் கேட்டைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் முதலிய ஸ்டீராய்டுகள் கலந்த களிம்புகள் நம் நாட்டில் சிவப்பழகுக் களிம்பாகவும் பரு மருந்தாகவும் தாராளமாகப் பூசப்படுகின்றன. இரண்டு நாளில் சிவப்பு அடங்கி முகம் தெளிவது போலத் தோன்றும். மாணவர் மகிழ்ந்து தொடர்ந்து பூசுவார். வாரங்கள் செல்லச் செல்லத் தோல் மெலிகிறது, நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளித்தெரிகின்றன, மகளிர் முகத்தில் மயிர் வளர்கிறது, பருக்களோ முன்னிலும் கூட்டமாகக் கிளம்புகின்றன. மருந்தை நிறுத்தினால் முகம் சிவந்து எரிவதால் மீண்டும் அதையே நாட நேர்கிறது. இந்தியாவின் பல மருத்துவ நிலையங்களில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், முகத்தோல் நோயுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் இவ்வகைக் களிம்பைப் பூசி வந்தது தெரிந்தது. அவர்களுள் 104 பேர் பருவுக்காகவே பூசியவர்கள். அக்களிம்புகளால் விளைந்த கேடுகளுள் முதலிடம் பெற்றதும் பருவே! 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. எனினும் நண்பர்கள் கைமாற்றிக்கொள்ளும் குழாய்களைச் சட்டம் எவ்வாறு தடுக்கும்?

உணவைப் பற்றிய பேச்சில் மிகைப்படுத்தல் அதிகம். ஆஸ்திரேலியாவில் 43 இளைஞரைக் கொண்டு 12 வாரம் நடத்தி 2007இல் வெளியிட்ட சோதனையில், இரத்தச் சர்க்கரையை விரைவாக உயர்த்தாத உணவை உண்டவர்களுக்குப் பருக்கள் மற்றவரைவிடக் கூடுதலாகக் குறைந்தன. நள்ளிரவில் இனிப்புத் தேநீரும் பிஸ்கட்டும் பொரித்த உருளைக்கிழங்குமாகப் பசியாறுவோர், கடலையோ பழமோ உண்பது இதனால் பயனுடையதாகலாம். பட்டினி கிடப்பதற்கு இதில் ஆதாரம் எதுவுமில்லை. தலையில் மிகுதியாகத் தேய்க்கும் எண்ணெய் வழிந்து நெற்றியில் சிறுபருக்களை உண்டாக்குவதோ அனுபவத்தில் உறுதியானது. தலையை மாலையில் அலசிவிட்டு உறங்குவதும், தலையணை உறையை அடிக்கடி மாற்றுவதும் இதற்குப் போதுமான வழி.

கட்டி போன்ற ஆழமான பருக்கள், குழித் தழும்பு, மாதவிலக்குக் கோளாறுடனோ முகமயிர் வளர்ச்சியுடனோ சேர்ந்து வரும் பரு ஆகியவற்றுக்குத் தோல் நோய் டாக்டரைக் காண்பதே முறை. காசநோய்க்கு ஐசோனியசிட் உட்கொள்வோருக்கும் பரு போன்ற கொப்புளங்கள் தோன்றுவதுண்டு. அதற்காக அம்மருந்தைத் தாமே நிறுத்தலாகாது. கடும் பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மிக்க ஆற்றல் உடையது. ஆனால் கருவிலுள்ள குழந்தைக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும் ஆதலால் டாக்டரின் நேர்ப் பார்வையிலேயே உட்கொள்ளத் தக்கது. பருவினால் வெட்கி அறையைவிட்டு வெளிவராத, உணவும் உறக்கமும் குறைந்த மாணவரிடம் பெற்றோரும் விடுதிக் காப்பாளரும் கனிவுடன் விசாரித்து, அவருடைய மனநிலையையும் டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும்.

பரீட்சை முடிந்து முகம் தெளிந்ததும் மருந்தைத் தூக்கி எறிந்துவிடுவது பலருடைய வழக்கம். புதிய அடைப்புகள் அப்போதும் உள்ளே உருவாகிக்கொண்டுதான் இருக்கின்றன. டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை இரவு நேரக் களிம்பை விடுமுறையிலும் பூசி வருவோருக்கு, அடுத்த ஆண்டுப் பரீட்சையின்போது எழும் பருக்கள் குறைவாகவே இருக்கும்.