தொண்டை அடைப்பான் காலிலும் வருமா?



டிப்தீரியா, அதாவது தொண்டை அடைப்பான் நோயைப் பற்றிப் பாடத்தில் படித்திருப்போம். தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படரும், மூச்சு அடைக்கும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்போம். ஆனா அதே கிருமி கால் புண்ணுலயும் குடியிருக்கும்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தக் கிருமியின் பெயர் கோரினிபாக்டீரியம் டிப்தீரியே. 1884-ல் ஃபிரெடரிக் லோஃப்லர் இதை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார். கீறல், பூச்சிக்கடி, சிரங்கு வழியாக இது தோலுக்குள் புகும். வெப்ப நாடுகளில் இது அதிகம். இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலும் பசிபிக் தீவுகளிலும் இருந்த சிப்பாய்களுக்கு இந்தப் புண் வந்திருக்கிறது.

புண் எப்படி இருக்கும்?
1. பெரும்பாலும் கால், பாதம், கைகளில் வரும்.
2. ஓரம் வெட்டி எடுத்த மாதிரி தெளிவாக இருக்கும்.
3. மேலே சாம்பல் நிறப் படலம் ஒட்டியிருக்கலாம்.
4. வாரக்கணக்கில், ஏன் மாதக்கணக்கில்கூட ஆறாது.

அப்போ பார்த்தாலே கண்டுபிடிச்சிடலாமா? முடியாது! சாதாரணச் சீழ்ப்புண் கிருமிகளும் இதே புண்ணில் கூடவே இருக்கும். பல சமயம் படலமே இருக்காது. அதனால் மருத்துவர் சந்தேகப்பட்டு, மருந்து தொடங்கும் முன்பே, பஞ்சுக் குச்சியால் புண்ணிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். தொண்டை, மூக்கிலிருந்தும் எடுப்பார்கள். "டிப்தீரியா இருக்கிறதா பாருங்கள்" என்று ஆய்வகத்துக்குச் சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால், நம் தோலில் சும்மா வாழும் இதே குடும்பத்துக் கிருமி என்று ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. டெல்லுரைட் கலந்த ஊடகத்தில் இது கருநிறப் புள்ளிகளாக வளரும். அது நச்சு உண்டாக்குகிறதா என்று எலெக் சோதனையில் பார்ப்பார்கள்.

ஒரு புண்ணுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். தோலிலிருந்து நச்சு குறைவாகத்தான் ரத்தத்தில் கலக்கும். அதனால் புண் வந்தவருக்குப் பெரும்பாலும் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் அந்தப் புண்ணைத் தொட்ட கை, துடைத்த துணி மூலமாகக் கிருமி அடுத்தவருக்குப் போகும். வீட்டில் தடுப்பூசி போடாத குட்டித் தம்பி இருந்தால்? அவனுக்கு வருவது மூச்சை அடைக்கும் நோயாக இருக்கலாம்!

நாம் என்ன செய்யலாம்?
• புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் கட்ட வேண்டும்.
• ஒருவர் துண்டை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது.
• ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது.
• 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. ஊசியில் டிப்தீரியாவுக்கான மருந்தும் இருக்கிறது. ஊசி போடும் நாளில் லீவு போடாதீங்க!

புண்ணை மூடுவோம், மறைக்க மாட்டோம்!