கூடிக் கொய்தால் எவ்வளவு விரைவு?

அரவேணுவின் தேயிலைச் சரிவுகளில் பெண்கள் நிரைநிரையாக நின்று கொழுந்து கொய்வதைக் கண்டிருப்பீர்கள். மங்கிய சலனப்படத்தைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு தெளிந்த பெரும்படமாக்குவதையும் அவ்வாறே பகிர்ந்து செய்யலாம். நொடிக்கு 25 படங்கள் எனில், ஒரு மணி நேரக் காட்சியில் 90,000 படங்கள் உள. படமொன்றுக்கு ஒரு நொடி வீதம் ஒரே செயலி உழைத்தால் 25 மணி நேரம். பத்துச் செயலிகள் பகிர்ந்துகொண்டால் இரண்டரை மணி. புனேயில் சி-டாக் 1991இல் உருவாக்கிய ‘பரம் 8000’ கணிப்பொறியும் இவ்வாறு பல செயலிகள் கூடி உழைத்ததே.

ஆனால், எங்கே பிரிப்பது? அண்டைப் படங்களை ஒப்புநோக்கி நுட்பங்களை ஊகிக்கும் முறையாயின், காட்சி மாறுமிடத்தில் பிரித்தல் நலம். இடையில் வெட்டினால் இணைப்பில் படம் துடிக்கக்கூடும். பிரித்தலும் கோத்தலும் எளிதில் பகிர இயலாதவை. எத்தனைபேர் கொய்தாலும், ஆலையில் கொழுந்து வாடப் பல மணி நேரம் வேண்டுமன்றோ? இவ்வெல்லையை ஜீன் அம்டால் 1967இல் எடுத்துக்காட்டினார். வேலையில் இருபதில் ஒரு பங்கு பகிர இயலாததாயின், ஆயிரம் செயலிகள் கூடினும் விரைவு இருபது மடங்கைத் தாண்டாது.