பண்ணவாடிக் கரையின் கணக்கு

காவிரி டெல்டாக்காரருக்கு மேட்டூர் என்றால் ஜூன் 12. அன்று அணை திறக்குமா, திறக்காதா என்பதுதான் பேச்சு. அணைக்குப் பின்னால், பண்ணவாடிக் கரையில் இருப்பவர்களுக்கு அதே நீர்மட்டம் வேறு கணக்கு சொல்லும்.

1925இல் தொடங்கிய அணை வேலை 1934இல் முடிந்தது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. இவ்வளவு தண்ணீர் நிற்க இடம் வேண்டுமே! காவிரிக்கரை ஊர்கள் மேட்டுக்கு ஏறின. வயல், கிணறு, களம் எல்லாம் போயின. கும்பிட்ட இடமும் போயிற்று: ஜலகண்டேஸ்வரர் கோயில், இரட்டைக் கோபுரத் தேவாலயம் இரண்டும் தண்ணீருக்கு அடியில். தஞ்சாவூர் விளைந்ததற்கு இங்கே கொடுத்த விலை இது. டெல்டாவின் பெருமை பேசுகிறவர்கள் இதை அதிகம் சொல்வதில்லை.

அன்று ஆற்றங்கரைச் சம்சாரிகள் வாழ்ந்த ஊர்களில் இன்று பலருக்குப் பரிசலும் வலையும்தான் பிழைப்பு. தண்ணீர் ஏற இறங்க மீனவர் குடிசைகளும் இடம் மாறும். அணை வற்றினால் மீன் வரத்து குறையும். ஆனால் வண்டல் படிந்த நிலம் வெளியே தெரியும். கம்பு, சோளம், எள் என்று விதைத்துவிடுவார்கள். நிலம் அரசுடையது, பட்டா கிடையாது. வெள்ளம் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. 2024 ஜூலைத் தொடக்கத்தில் 40 அடிக்குப் பக்கத்தில் கிடந்த நீர்மட்டம், அதே மாதம் 30ஆம் தேதி 120 அடியைத் தொட்டது. டெல்டாவுக்குப் பண்டிகை. அணைக்குள் விதைத்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

வறட்சி முற்றும்போதுதான் தேவாலயக் கோபுரம் தலை காட்டுகிறது. இன்னும் இறங்கினால் கோயில் நந்தி. பார்க்கக் கூட்டம் கூடும், செல்போன்கள் நீளும். படம் எடுக்க வந்தவர்களுக்கு நடுவே, கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்பவர்களும் உண்டு. பிழைப்பு மெலிந்த மாதங்களில்தான் பழைய சாமி கண்ணில் படுகிறது. அதை ஆறுதல் என்று எடுத்துக்கொள்வது அவர்கள் உரிமை. வறுமையில் என்ன மலர்ச்சி பாருங்கள் என்று வெளியூர்க்காரர் வியப்பதுதான் எனக்கு ஒட்டவில்லை. பக்தி இருக்கிறது என்பதால் பட்டா இல்லாத குறை தீர்ந்துவிடாது.

சந்தோஷம் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆடிப்பெருக்கன்று மேட்டூருக்கு வந்து பார்க்க வேண்டும். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து சாமி சிலைகளும் வேல்களும் வரும், காவிரியில் நீராடும். புதுமணத் தம்பதிகள் கல்யாண மாலையை ஆற்றில் விடுவார்கள். அணைக்கட்டு முனியப்பனுக்குக் கோழி, கிடாய் வெட்டி அங்கேயே அடுப்பு மூட்டுவார்கள். பக்கத்தில் வறுத்த மீன் வியாபாரம் தூள் பறக்கும். அணை மீன் என்றால் கொஞ்சம் கூடுதல் விலைக்கே விற்கும், விலையைக் கேட்டு முணுமுணுத்துக்கொண்டே வாங்குவார்கள்.