ஆங்கிலக் காம்போசிஷனும் நம் அணியிலக்கணமும்

நான் கல்லூரி வாசலை மிதித்தவனல்ல. சாலைக் கடைத்தெருவில் நாற்பது வருடமாகப் பாத்திரம் விற்கிறேன். மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் நன்னூலையும் தண்டியலங்காரத்தையும் தராசுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பழகியவன். பேராசிரியப் பெருமக்கள் எழுதும் இம்மலரில் என் குறைகளைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு சாயங்காலம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி கடையில் உட்கார்ந்து, ஆங்கிலக் காம்போசிஷன் நோட்டைப் பிரித்து ‘சிமிலி, மெட்டஃபர், பர்சானிஃபிகேஷன்’ என்று உருப்போட்டாள். பிறகு மலையாள நோட்டை எடுத்து ‘உபம, ரூபகம், உத்ப்ரேக்ஷ’ என்று தனியாக உருப்போட்டாள். “ரெண்டும் நம்ம உவமை, உருவகம்தானேம்மா” என்றேன். நிமிர்ந்து பார்த்து, “தமிழ்லயும் இதெல்லாம் உண்டா தாத்தா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி பல நாள் என்னை உறுத்தியது. தப்பு அவளுடையதல்ல. வீட்டில் நாம் பேசும் தமிழ் சோறு, குழம்பு, வாடகை, வட்டி என்ற அளவோடு நின்றுபோனால், தமிழ் சிந்திக்கவும் உதவும் பாஷை என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? அதனால் அன்றிலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சுருக்கி இங்கே எழுதுகிறேன்.

உவமையும் உருவகமும்

சிமிலி என்ற லத்தீன் சொல்லுக்கு ‘ஒத்தது’ என்று பொருள். மெட்டஃபர் கிரேக்கச் சொல். ‘ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்லுதல்’ என்பது அதன் கருத்து. ஆங்கிலத்தில் ‘லைக்’, ‘ஆஸ்’ என்ற சொல் வந்தால் சிமிலி, வராவிட்டால் மெட்டஃபர் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். தமிழில் இந்த அடையாளம் போதாது. ‘மலர்முகம்’ என்றால் மலர் போன்ற முகம். ‘போன்ற’ மறைந்து நிற்கிறது, ஆனாலும் உவமைதான். அதையே திருப்பி ‘முகமலர்’ என்றால் முகமே மலர் ஆகிவிட்டது; உருவகம். சொல்லை இடம் மாற்றினால் அணியே மாறிவிடுகிறது. இதைச் சொன்னதும் பேத்தி கைவிரல், விழிமீன், தேன்மொழி என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தாள். ‘கைவிரல்’ இரண்டிலும் சேராது என்று அவளே கண்டுபிடித்து அடித்துவிட்டாள்.

எதை வைத்து உவமிக்கிறோம் என்பதற்குத் தொல்காப்பிய உவமவியல் வினை, பயன், மெய், உரு என்று நான்கு அடிப்படை சொல்கிறது. குருவி மாதிரி கொத்திக் கொத்தித் தின்கிறாள் என்றால் வினை. மழை மாதிரி அள்ளிக் கொடுத்தார் என்றால் பயன். குடம் மாதிரி வயிறு என்றால் மெய், அதாவது வடிவம். தேய்த்த பித்தளை மாதிரி மஞ்சள் வெயில் என்றால் உரு, அதாவது நிறம். காம்போசிஷனில் ஒரு சிமிலி எழுதும் பிள்ளை, இந்த நான்கில் எது என்று கேட்டுக்கொண்டால் பொருந்தாத உவமையைத் தானே தள்ளிவிடும்.

இவ்வூரில் பிறந்த உதாரணம்

தமிழ்த்தாய் வாழ்த்தை நம் விழாக்களிலும் பாடுகிறோம். அது திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில், அதாவது இன்றைய யுனிவர்சிட்டி கல்லூரியில், தத்துவப் பேராசிரியராயிருந்த சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயத்தில் உள்ளது. தமிழ்நாட்டு அரசு விழாக்களில் 1970 முதல் பாடப்பட்டு, 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. அந்நாடகமே லிட்டன் என்ற ஆங்கில ஆசிரியரின் கதையொன்றைத் தழுவியது.

அணி கற்க அப்பாட்டைவிட நல்ல பாடம் ஏது? பூமி ஒரு பெண், கடல் அவள் உடை, பாரத கண்டம் முகம், தக்காணம் நெற்றி, திராவிட நாடு திலகம். இத்தனையும் உருவகம். அந்தத் திலகத்தின் வாசனையைப் போலத் தமிழ் இன்பம் பரப்புகிறாள் என்னுமிடத்தில் உவமை வந்துவிடுகிறது. மொழியைப் பெண்ணாக்கி விளித்திருப்பது பர்சானிஃபிகேஷன். மூன்றும் ஒரே பாட்டில்!

அதே கல்லூரியில் பின்னர் ஆசிரியராயிருந்த ஏ.ஆர். ராஜராஜ வர்மா 1902இல் பாஷாபூஷணம் எழுதி, மலையாள அணிகளை அதிசயம், சாம்யம், வாஸ்தவம், சிலேஷம் என நான்கு வகையாக அடக்கிக் காட்டினார். நம் தண்டியலங்காரமோ வடமொழித் தண்டியின் காவ்யாதர்சத்தைத் தழுவி, முப்பத்தைந்து பொருளணிகளைச் சொல்கிறது. வடமொழி மரபு இரண்டுக்கும் பொது. எனவே மலையாள வகுப்பில் ரூபகம் படிக்கும் பிள்ளை, தெரியாமலே நம் உருவகத்தையும் படித்துவிடுகிறது.

எங்கே ஒட்டாது?

எல்லாச் சொல்லுக்கும் நேர்ச்சொல் உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. நானே ஆரம்பத்தில் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். பர்சானிஃபிகேஷன் என்றால் தற்குறிப்பேற்றம் என்றேன். அது சரியல்ல. மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் ஆடின, அது இயல்பு. கோவலனையும் கண்ணகியையும் ‘வராதீர்கள்’ என்று அவை கைகாட்டியதாக இளங்கோவடிகள் தம் குறிப்பை ஏற்றினார். இயல்பாக நடப்பதற்குக் கவி ஒரு காரணம் கற்பித்தால்தான் தற்குறிப்பேற்றம். மலையாள உத்ப்ரேக்ஷ இதற்கு அருகில் நிற்கிறது. பர்சானிஃபிகேஷன் கொஞ்சம் தள்ளியே நிற்கிறது.

‘ரைம்’ என்பதை எதுகை என்பதும் அப்படித்தான். ஆங்கில ரைம் அடியின் கடைசியில் வரும். அதற்கு நம் பெயர் இயைபு. எதுகை அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்து ஒன்றுவது. மலையாளத்தில் இதுவே த்விதீயாக்ஷர ப்ராசம். அது கவிதைக்குக் கட்டாயமா என்று மாமா கேரள வர்மா வலியகோயித்தம்புரானும் மருமகன் ராஜராஜ வர்மாவும் எதிரெதிரே நின்று வாதிட்டது கேரள இலக்கியத்தில் பெரிய சர்ச்சை. நம் எதுகைக்காக இவ்வூரில் இத்தனை சண்டை நடந்திருக்கிறது!

பவணந்தியாரின் சிவப்பு மை

காம்போசிஷனுக்கு அணியைவிட அவசியமானது பிழையில்லாத நடை. சமண முனிவர் பவணந்தியார் நன்னூல் பாயிரத்தில் பத்துக் குற்றமும் பத்து அழகும் சொல்கிறார். பேத்தியின் நோட்டில் டீச்சர் சிவப்பு மையால் எழுதியிருந்தவற்றை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ‘ரிபீட்டிஷன்’ என்றிருந்தது, கூறியது கூறல். ‘காண்ட்ரடிக்ஷன்’; மாறுகொளக் கூறல். ‘டைக்ரஷன்’, மற்றொன்று விரித்தல். ‘நாட் கிளியர்’, மயங்க வைத்தல். ஆரம்பத்தில் ஜோராகப் போய்க் கடைசியில் சப்பென்று முடிவதற்குச் சென்று தேய்ந்து இறுதல் என்று பெயர். எழுதுபவன் ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் செய்யும் தப்பு ஒன்றுதான். தப்புக்குப் பெயர் தெரிந்தால் பாதி திருந்தியாயிற்று.

பெற்றோர்களே, பிள்ளைகள் ஆங்கிலமும் மலையாளமும் நன்றாகப் படிக்கட்டும். பிழைப்புக்கும் பழக்கத்துக்கும் இரண்டும் வேண்டும். இராத்திரி அந்த நோட்டைப் பத்து நிமிஷம் நீங்களும் பிரித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ்ப் பெயரை ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். பெயர் ஒட்டாத இடத்தில் ஏன் ஒட்டவில்லை என்று கூடவே உட்கார்ந்து யோசியுங்கள். வீட்டிலே தமிழ் வளர அது ஒரு வழி.

என் பேத்திக்குத் தமிழ் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் இக்கட்டுரையை நானே வாசித்துக் காட்டினேன். பித்தளை விலையைப் பற்றி நடுவில் ஒரு பாரா இருந்தது. “தாத்தா, இது மற்றொன்று விரித்தல்” என்றாள். அந்தப் பாராவை எடுத்துவிட்டேன்.